பில்லியர்ட்ஸ் மேசையில் ஒரு காணி வழக்கு

கறுப்புக் கோட்டு போட்டு ஒரு வருடம்கூட ஆகாத நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து சட்டப் பிரிவுகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். பிரிவுகள் புத்தகத்தில் இருக்கின்றன. என் ஞாபகத்தைவிட அச்சு தெளிவானது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நியாயம் கேட்டுப் போன இடமே சரியில்லை என்றால், அதே இடத்தில், அதே மனிதருக்கு முன்னால் எழுந்து நின்று அதை எப்படிச் சொல்வது? பதுளையில் நான் தொழில் செய்த காலம் முழுவதிலும் எனக்கு மிகப் பெரிய சோதனையாக இருந்தது இதுதான். மிகப் பெரிய கூத்தாக இருந்ததும் இதுதான்.

சிவபாக்கியம் என் அலுவலகத்துக்கு வந்தபோது மழையில் நனைந்திருந்தார். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மலைச்சரிவில் நின்று அடுத்த சரிவில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். என் சிறிய அறையிலும் அதே குரலில்தான் பேசினார். அவருடைய லயத்தில், தொழிலாளர்களுக்கான அந்த வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து அவரை அனுப்பியிருந்தன. கையில் இரண்டு அறிவித்தல்கள்.

முதலாவது, மண்சரிவை ஆராயும் அதிகாரிகள் லயத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனது. இந்த இடம் அபாயமானது, உடனடியாக வெளியேறவும். குடும்பங்கள் வெளியேறின. தோட்டத்தின் உச்சியில், தேயிலை கைவிடப்பட்டு மானாப் புல் மண்டிக் கிடந்த சமதரையில் தகரக் கொட்டில்கள் போட்டுக்கொண்டன. இரண்டாவது அறிவித்தல் அங்கே வந்து சேர்ந்தது. இந்தக் காணி தோட்டக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது, அத்துமீறிக் குடியேறியவர்கள் உடனடியாகத் தங்கள் வழமையான வதிவிடத்துக்குத் திரும்பவும்.

"லோயரம்மா, ரெண்டுலயும் கவர்மெண்டு சீலு இருக்கு. ரெண்டுலயும் 'உடனடியா'ன்னு போட்டிருக்கு," என்றார் சிவபாக்கியம். "இதுல எந்த உடனடிய மொதல்ல செய்யிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "நீங்க சிரிங்க. ராவைக்கு மழ பேஞ்சா நாங்க கூரையப் பாக்குறதா, மலையப் பாக்குறதான்னு தெரியாம உக்காந்திருக்கோம்," என்றார். அதன் பிறகு அந்த வழக்கில் அவர் முன்னால் நான் சிரித்ததில்லை. சிரிக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் ஏராளமாக வந்தன.

அந்தச் சமதரையில் கம்பெனி என்ன செய்யப் போகிறது என்று விசாரித்தேன். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் கூடாரம் போட்டுத் தங்கி மலையைப் பார்ப்பதற்கான இடம். அதாவது கொட்டிலில் இருப்பவர்களை எழுப்பிவிட்டு, கூடாரத்தில் இருக்க ஆள் கூட்டி வரப் போகிறார்கள்.

தோட்டக் காணித் தகராறுகளை விரைவாகத் தீர்க்கவென்று அரசாங்கம் அப்போது ஒரு விசேட காணிச் சபையை ஏற்படுத்தியிருந்தது. சபையே அனுப்பினால் தவிர, சாதாரண நீதிமன்றத்துக்கு வழக்கு போகாது. மூன்று பேர் கொண்ட இந்தச் சபைதான் கேட்கும். தொழிலாளர்கள் பதுளைவரை அலையக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், சபை தகராறுக்குரிய தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே கூட வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட வரிகளை எப்போதும் இரண்டு தடவை வாசியுங்கள்.

தோட்டத்துக்குள் சபை கூடக்கூடிய பெரிய மண்டபம் எது? வெள்ளைக்காரத் துரைமார் காலத்து கிளப். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது சுவரில் மான் தலைகள் வரிசையாக எங்களைப் பார்த்தன. நடுவில் பெரிய பில்லியர்ட்ஸ் மேசை. அதை நகர்த்த முடியாததால் மேலே வெள்ளைத் துணி விரித்து, அதன் பின்னால் சபையின் மூவரும் அமர்ந்திருந்தார்கள். மூலையில் இருந்த பொந்துகளைத் துணி மறைத்திருந்தது. கம்பெனிச் சட்டத்தரணி தன் பேனாவைக் கீழே வைத்தார். அது உருண்டு போய், துணி தொய்ந்திருந்த பொந்துக்குள் விழுந்தது. சபையின் முதல் அலுவல் அதை வெளியே எடுப்பதாக அமைந்தது.

சபையின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தென்பகுதி ஆள், சிங்களம் பேசுபவர். கெட்ட மனிதர் இல்லை; இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் தங்கியிருந்தது கம்பெனிக்காகத் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில். காலைச் சாப்பாடு துரையின் மேசையில். சபைக்கு வந்தது துரையின் ஜீப்பில். சபை சிங்களத்தில் நடந்தது. என் கட்சிக்காரர்களுக்கு அதைத் தமிழில் சொல்ல நியமிக்கப்பட்டவர் தோட்டத்து ஆபீசின் கிளாக்கர். கம்பெனிச் சட்டத்தரணி கொழும்புத் தமிழர்தான். ஆனால் சபைக்குள் ஒரு சொல்கூடத் தமிழில் பேசமாட்டார்.

இங்கே உங்களுக்கு ஒரு விடயம். ஒரு நியாய மன்றம் நடுநிலையானதல்ல என்று நினைத்தால் அதை முதல் நாளே எழுந்து சொல்ல வேண்டும். பேசாமல் இருந்து, தீர்ப்பு பாதகமாக வந்த பிறகு கொழும்புக்கு, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் முறையிட்டால், "அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. தொடக்கத்திலேயே தலைவரைப் பகைத்துக்கொள்ள எந்தச் சட்டத்தரணிக்கும் விருப்பமிருக்காது. எனக்கும் இருக்கவில்லை. எழுந்தேன்.

முதலில் மொழிபெயர்ப்பாளரைப் பற்றிச் சொன்னேன். அவர் வழக்கின் ஒரு தரப்பிடம் சம்பளம் வாங்குபவர், அவருடைய மொழிபெயர்ப்பை என் கட்சிக்காரர்கள் நம்புவதற்கில்லை என்றேன்.

தலைவர் கிளாக்கரைப் பார்த்து, "அம்மையார் சொன்னதை மக்களுக்குச் சொல்லுங்கள்" என்றார்.

கிளாக்கர் மக்கள் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். "அம்மா என்ன சொல்றாங்கன்னா, மொழிபெயர்ப்பாளரு ரொம்பக் காலமா இந்தத் தோட்டத்துல நல்ல பேரோட வேல செய்றவரு. ஆனாலும் அவரப் பத்தி அம்மாவுக்கு ஏதோ மனக்கொறை இருக்காம்."

சிவபாக்கியம் எழுந்துவிட்டார். "மனக்கொறை அம்மாவுக்கு இல்ல கிளாக்கரய்யா. எனக்கு!"

"என்ன சொல்கிறார்?" என்று தலைவர் கேட்டார்.

கிளாக்கர் பணிவாகச் சிங்களத்தில் சொன்னார்: "அம்மாவுக்குக் குறை ஒன்றும் இல்லையாம், ஐயா."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. நான் அதைச் சபைக்கு விளக்கி முடிப்பதற்குள் தேநீர் வேளை வந்துவிட்டது. தேநீரைத் துரையின் பங்களாவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு மட்டும்.

பிறகு தலைவரைப் பற்றிய ஆட்சேபனை. அதைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை, கலங்கிப் போனார். "என்னைப் பற்றிய ஆட்சேபனையை நானே விசாரிப்பது முறையா?" என்று உரத்து யோசித்தார். சட்டத்தில் வேறு வழி சொல்லப்படவில்லை. கடைசியில் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மேசையின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவரை நடுவில் உட்காரச் சொன்னார். அந்த மனிதருக்கு அளவுச் சங்கிலி தெரியும், சட்டம் தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் இருந்த தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவரும் தன்னைப் பற்றித் தீர்மானிக்க அவருக்கு மெதுவாக உதவி செய்தார்.

"நான் என்ன சாப்பிடுகிறேன் என்பது நீதிக்குரிய விடயமா, அம்மையார்?" என்று ஓரத்திலிருந்து கேட்டார்.

"என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதல்ல, ஐயா. யாருடைய மேசையில் என்பதுதான்," என்றேன்.

அதை அவர் மனதில் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து லுணுகலைக் கடையில் சோற்றுப் பார்சல் வாங்கி வரச் செய்தார். அதைத் துரையின் மேசையில், துரைக்கு எதிரே அமர்ந்து, பிரித்துச் சாப்பிட்டார். நடுநிலை நிலைநாட்டப்பட்டுவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பி, மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்தார்; கிளாக்கரும் மொழிபெயர்ப்பாளராகவே தொடர்ந்தார்.

பொதுவான நீதிக் கோட்பாடுகளை வைத்து இந்தச் சபையை எதிர்க்க முடியாதபடி சட்டத்தில் கதவுகளை அடைத்திருந்தார்கள். நான் சட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது ஒரு சன்னல் திறந்திருப்பது தெரிந்தது. முகவுரையில், இந்தச் சபை நாடு ஏற்றுக்கொண்ட பிராந்தியக் கடப்பாடுகளுக்கு அமையச் செயற்படும் என்று ஒரு வரி. சட்டத்தை வரைந்தவர் வேறு எங்கிருந்தோ அழகுக்காக எடுத்து ஒட்டிய வரியாக இருக்க வேண்டும். அழகுக்காக எழுதிய வரியையும் சட்டமாக வாசிப்பதுதான் நம் தொழில்.

தெற்காசிய நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட ஒரு சமூக சாசனம் இருக்கிறது. பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் நடந்த கருத்தரங்கில் அதன் பிரதி ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. வறியவர்களின் கண்ணியம், தங்குமிடம் என்று பல நல்ல காரியங்களை அதில் சொல்லியிருந்தார்கள். அதை மீறினால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு நீதிமன்றமும் கிடையாது. காணி வழக்கை நடுநிலையான இடத்தில் கேட்க வேண்டும் என்று நேரடியாக ஒரு சொல்லும் இல்லை. இருக்கிற சொற்களிலிருந்து அதை வருவித்துக்கொள்ளலாம். நான் வருவித்தேன். நடுநிலையற்ற சபை ஒருவரின் தங்குமிடத்தைப் பறித்தால் அந்தச் சாசனத்துக்கு என்ன அர்த்தம் என்று வாதிட்டேன்.

கம்பெனிச் சட்டத்தரணி எழுந்து, அது வெறும் நல்லெண்ணப் பத்திரம், லுணுகலையில் அது செல்லாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தலைவர் தன் சட்டத்தின் முகவுரையை அன்றுதான் முதன்முதலாக வாசித்தார் போலிருக்கிறது. "இது கவனத்துக்குரியது," என்று சொல்லி, என் கையில் இருப்பது கருத்தரங்குப் பிரதி என்பதால் அமைச்சிலிருந்து அத்தாட்சிப் பிரதி ஒன்று வரவழைக்கும்படி கட்டளையிட்டார்.

அமைச்சிலிருந்து வந்தது வேறொரு உடன்படிக்கை. பிராந்திய நாடுகள் தங்களுக்குள் விதைகளைப் பரிமாறிக்கொள்வது பற்றியது. முத்திரை, கையொப்பம் எல்லாம் ஒழுங்காக இருந்தன; உள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. கம்பெனிச் சட்டத்தரணி காலை முழுவதும் அதை எதிர்த்து வாதாடினார். இந்த உடன்படிக்கையின்படி என் கட்சிக்காரர்களுக்கு எந்த உரிமையும் எழவில்லை என்றார். அதில் சந்தேகமே இல்லை. நான் எழுந்து பிழையைச் சுட்டிக்காட்டியபோது, விவசாயத் திணைக்களத்திலிருந்து வந்திருந்த மூன்றாவது உறுப்பினர், "விதை விடயத்தையும் தீர்மானித்துவிடலாமே, நல்ல உடன்படிக்கை" என்று வருத்தத்தோடு கேட்டார்.

சரியான பிரதி வந்தபோது அது ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்கும் பொறுப்பைத் தலைவர் கிளாக்கரிடமே கொடுத்தார். தன்மேல் ஆட்சேபனை சொல்லும் வாதத்துக்கான ஆதாரத்தை அந்த மனிதர் ஆபீஸ் வேலைக்கு நடுவே கையால் எழுதித் தமிழாக்கத் தொடங்கினார். அதற்குள் மழைக்காலம் இறங்கிவிட்டது.

மழை பிடித்த சில நாட்களில் மண்சரிவு அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். இந்த முறை லயத்தோடு நிற்கவில்லை. கிளப் மண்டபத்தின் பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. துரையின் பங்களா முற்றத்தில் நிலம் தாழ்ந்திருந்தது. கீழ்ச்சரிவில் இருந்த எல்லாக் கட்டடங்களிலும் சிவப்பு அறிவித்தல் ஒட்டினார்கள். மான் தலைகளுக்குக் கீழே, சபையின் இருக்கைக்குப் பின்னால், உடனடியாக வெளியேறவும் என்று எழுதியிருந்தது.

இப்போது சபை எங்கே கூடுவது? தோட்டத்து எல்லைக்குள்தான் கூட வேண்டும் என்பது சட்டம். தோட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தபோது, அபாயப் பகுதியைச் சுற்றி அதிகாரிகள் போட்ட சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருந்த ஒரே தரை அந்தச் சமதரை. வழக்குக்குரிய காணி. கம்பெனியால் அது தோட்டத்துக்குள் வராது என்று சொல்ல முடியாது. அது தோட்டக் காணி என்பதுதான் அவர்களுடைய வழக்கே. என்னால் அது பாதுகாப்பான இடமல்ல என்று சொல்ல முடியாது. அது பாதுகாப்பான இடம் என்பதுதான் எங்களுடைய வழக்கு. இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். சபை மலையேறியது.

அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன். கொட்டும் மழையில், வழுக்கும் மண்பாதையில், மூன்று உறுப்பினர்களும் ஆளுக்கொரு தடியை ஊன்றி ஏறினார்கள். பில்லியர்ட்ஸ் மேசையை மட்டும் யாரும் தூக்கி வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் கிளாக்கர் வந்தார். அவர் இருந்த குவாட்டர்ஸிலும் சிவப்பு அறிவித்தல். ஒரு கையில் சாசனத்தின் தமிழாக்கம், மறு கையில் பிரஷர் குக்கர். பின்னால் மனைவியும் மாமியாரும். மேலே வந்து நின்று, யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

சிவபாக்கியம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன கிளாக்கரய்யா, அத்துமீறிக் குடியேற வந்தீங்களா?"

கிளாக்கர் குக்கரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அந்தக் கடேசிக் கொட்டிலு காலியாத்தான் கெடக்கு. ஒழுகுற எடத்துல சட்டிய வெச்சுக்கங்க. மாமியாரம்மாவ மொதல்ல உள்ள கூட்டிட்டுப் போங்க, நனையிறாங்க," என்றார்.

சபை கூடியது மாரியம்மன் படம் வைத்திருந்த பெரிய கொட்டிலில். தலைவரின் தலைக்குமேல் ஒரு மணி தொங்கியது. பூசை வேளையில் ஒரு கிழவனார் வந்து, சபையைச் சற்றும் பொருட்படுத்தாமல் அதை அடித்துவிட்டுப் போவார். தலைவர் அதுவரை பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அவருடைய சோற்றுப் பார்சல் மழையில் கரைந்து போயிருந்தது. சிவபாக்கியம் சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு வந்து வைத்தார். தேநீரும் கொடுத்தார். தலைவர் தயங்கினார், என்னைப் பார்த்தார், பசி வென்றது. இரண்டாவது ரொட்டியையும் எடுத்தார். தன் கால்களுக்குக் கீழே இருந்த தரை உறுதியாக இருப்பதை அவர் உணர்வதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கீழே சரிவில் மண் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது.

என் கட்சிக்காரர்களின் முகங்கள் மலர்ந்திருந்தன. எனக்கும் உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். இந்த மனிதர் இனி இவர்களைக் கீழே அனுப்பமாட்டார் என்பது தெரிந்துவிட்டது.

அப்போது கம்பெனிச் சட்டத்தரணி எழுந்தார். சேறு படிந்த சப்பாத்தோடு நிமிர்ந்து நின்றார்.

"இந்தச் சபையின் நடுநிலையைப் பற்றி ஓர் ஆட்சேபனை," என்றார். "சபை ஒரு தரப்பினரின் இருப்பிடத்தில் கூடியிருக்கிறது. அவர்களுடைய உணவை உண்கிறது. மொழிபெயர்ப்பாளர் இப்போது அவர்களோடு குடியிருக்கிறார். என் மதிப்புக்குரிய தோழி எடுத்துக்காட்டிய பிராந்திய சாசனத்தை நான் ஆதாரமாகக் கொள்கிறேன்."

தலைவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "அது லுணுகலையில் செல்லாது என்றீர்களே?"

"மேலும் ஆராய்ந்ததில் செல்லும் என்று தெரிகிறது, ஐயா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சிவபாக்கியம் என் பின்னாலேயே வந்து கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"லோயரம்மா, அந்தச் சாசனம் செல்லாதுன்னு சொல்லிருங்க."

"இத்தன நாளா செல்லும்னு சொன்னவ நானு."

"அது அப்ப. இப்ப பெரியவரு நம்ம ரொட்டிய சாப்புடுறாரு. இன்னைக்கே கேட்டா இன்னைக்கே குடுத்துருவாரு. அவரு மொகத்தப் பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தேன். அதுதான் சங்கடம். சிவபாக்கியம் சொன்னதில் பிழை இல்லை. அன்று கேட்டால் அன்றே கிடைத்திருக்கும். ஆனால் துரையின் மேசையில் இருந்து வரும் தீர்ப்பு செல்லாது என்றால், எங்கள் கொட்டிலில் இருந்து வரும் தீர்ப்பு மட்டும் எப்படிச் செல்லும்? கொழும்பில் யாராவது இதே கேள்வியைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் பேசியது வெறும் தந்திரம் என்று எனக்கே தோன்றிவிட்டால், அடுத்த வழக்கில் எந்த முகத்தோடு எழுந்து நிற்பது? இதையெல்லாம் மழையில் நின்று ஒழுங்காக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். குளிர் நடுக்கியது. அந்தக் குடும்பங்களின் முகங்களைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

"என் மதிப்புக்குரிய தோழரின் ஆட்சேபனையை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்," என்றேன்.

கம்பெனிச் சட்டத்தரணியின் முகம் மாறியது. நான் எதிர்ப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்.

தலைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் நான் நடுநிலையானவன் அல்ல என்பதில் இரண்டு தரப்புக்கும் உடன்பாடா?"

"ஐயாமீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு," என்றார் கம்பெனிச் சட்டத்தரணி.

"எங்களுக்கும் உண்டு," என்றேன்.

நில அளவையாளர் தயங்கியபடி கையைத் தூக்கினார். "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஐயா."

"மரியாதையா?"

"இல்லை, ஐயா. மற்றது."

தலைவர் ரொட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கிளாக்கரை அழைத்து, தான் சொல்வதை இரு மொழியிலும் எழுதச் சொன்னார். இந்த வழக்கில் இரு தரப்பினரும் ஒத்துப்போன முதல் விடயம் இது. இரு தரப்பும் ஒத்துப்போகும் விடயத்தில் குறுக்கிட இந்தச் சபைக்குக் காரணமில்லை. வழக்கு பதுளை நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது. அதுவரை யாரும் யாரையும் எங்கிருந்தும் எழுப்பக்கூடாது. கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னபோது ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்தக் கட்டளையில் அவருடைய கொட்டிலும் அடக்கம்.

அன்று மாலை நானும் கம்பெனிச் சட்டத்தரணியும் ஒரே குடையில் கீழே இறங்கினோம். என்னிடம் குடை இல்லை. அவரிடம் பாதைக்கேற்ற சப்பாத்து இல்லை. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டியிருந்தது. அப்போதுதான் அவர் தமிழில் பேசினார்.

"நீங்க எதிர்த்திருக்கணும் மேடம். நான் அதைத்தான் நம்பி வந்தேன்."

"ஏன்?"

"நீங்க எதிர்த்து, அவர் உங்க பக்கம் தீர்ப்புச் சொன்னா, அடுத்த நாளே கொழும்புல போய் அதை உடைச்சிருப்பேன். உங்க வாதத்தையே எடுத்து எழுதி மனு ரெடியா இருக்கு. கார்ல இருக்கு, வேணுமெண்டா பாருங்க."

நான் பார்க்கவில்லை. ஆனால் அன்றிரவு பதுளைக்கு வந்து படுத்தபோது அந்த மனுவே நினைவில் வந்து நின்றது. நான் அந்தப் பொறியைக் கண்டு விலகியிருக்கவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. வாதத்தில் நேர்மையாக இருப்பது சில வேளைகளில் கெட்டித்தனமாகவும் வந்து முடிகிறது. ஆனால் அதை எதிர்பார்த்து நேர்மையாக இருக்காதீர்கள். பல வேளைகளில் அப்படி முடிவதில்லை.

சிவபாக்கியத்துக்கு என்மேல் கோபம் தீரவில்லை. "நீங்க நம்ம லோயரா, அவங்க லோயரா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், பதுளை நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கப்படும்வரை என்னோடு பேசியது ஒரே ஒரு தடவைதான். அதற்கிடையில், அதே மழையில், பழைய லயத்தின் பாதி சரிந்து ஓடையோடு போயிற்று. கிளப்பின் பின்சுவரும் விழுந்தது. ஆட்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள். செய்தி கேட்டு நான் போனபோது, சிவபாக்கியம் சமதரையின் ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்தில் அவருடைய அறை, அவர் காம்பரா என்று சொல்வது, இருந்த இடத்தில் செம்மண் மட்டும் இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கே கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாரு," என்றார், என் பக்கம் திரும்பாமல். குரல் மட்டும் சற்று இறங்கியிருந்தது. இன்றுவரை அவர் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பதுளை நீதிமன்றத்தில் வழக்கு நீண்டது. முறையான மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நீதவான் தன் வீட்டிலிருந்து வந்தார். கடைசியில் தீர்ப்புக்கு முன்பே, சரிந்த மலைக்கு மேலே கூடாரம் போட எந்தச் சுற்றுலாக்காரரும் வரப்போவதில்லை என்று கம்பெனிக்குப் புரிந்தது. சமாதானத்துக்கு வந்தார்கள். சமதரையைக் குடியிருப்புக்கென்று அரசாங்கம் பிரித்தெடுத்தது. அளக்க வந்த குழுவுக்குச் சம்பளமில்லாமல் உதவி செய்தவர், எங்கள் சபையின் நடுவில் ஒருநாள் உட்கார்ந்திருந்த அதே நில அளவையாளர். அளவுச் சங்கிலி கையில் இருந்தபோது அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு கலியாண வீட்டுக்காக அங்கே போனேன். லுணுகலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆட்டோ ஒன்றைப் பிடித்தேன். ஓட்டியவர் இளைஞர், என்னைத் தெரியாது. தோட்டத்தின் பெயரைச் சொல்லி, உச்சியில் இருக்கும் வீடுகளுக்குப் போகவேண்டும் என்றேன்.

"ஓ, கோட்டு மேடா? அப்படிச் சொல்லுங்கம்மா."

"ஏன் அந்தப் பேரு?"

"அங்க முந்தி ஒரு கோட்டு கேசு நடந்துச்சாம்மா. ரெண்டு பக்கத்து லோயருமாரும் சேந்து, நீங்க சரியில்ல போயிட்டு வாங்கன்னு ஜட்ஜய்யாவ அனுப்பி வெச்சிட்டாங்களாம்."

"அப்ப தீர்ப்பு?"

"தீர்ப்பே சொல்லலியாம்மா," என்று சொல்லிக்கொண்டே அவர் கியரை மாற்றி ஏற்றத்தில் ஏறினார். "அதனாலதான் எல்லாரும் நல்லா இருக்காங்க."